கையால் கடைந்த மரப்பேனா: எப்படிச் செய்கிறார்கள்? நீங்களும் செய்யலாமா?

உங்கள் பையில் இப்போது எத்தனை பேனா இருக்கும்? இரண்டு? மூன்று? அவற்றில் ஒன்று காணாமல் போனால் தேடுவீர்களா? பெரும்பாலும் மாட்டீர்கள். "பரவாயில்லை, இன்னொன்னு வாங்கிக்கலாம்" என்று விட்டுவிடுவோம்.

ஆனால் அந்தப் பேனாவின் உடல், உங்கள் தாத்தா வீட்டுக் கதவிலிருந்து எடுத்த மரத்துண்டாக இருந்தால்? அதை நீங்களே கடைந்து செய்திருந்தால்?

மரப்பேனா கடைவது இன்று உலகம் முழுவதும் பலருக்குப் பொழுதுபோக்கு. பெரிய இடம் வேண்டாம். கையளவு மரம் போதும். முதல் பேனாவை ஒரே பிற்பகலில் முடித்துவிடலாம். ஆனால் வேகமாகச் சுழலும் இயந்திரம், கூரான உளி, நுண்ணிய மரத்தூள் ஆகிய மூன்றும் இதில் உண்டு. விவரம் தெரியாமல் இறங்கினால் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து.

அதனால் முதலில் தெரிஞ்சுக்கலாம், பிறகு கடையலாம். வாங்க!

கடைசல் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'லேத்' என்கிறோம். தமிழில் அதற்குக் கடைசல் இயந்திரம் என்று பெயர். அதில் செய்யும் வேலை கடைசல்.

தயிர் கடைவது, கீரை கடைவது, பாற்கடலைக் கடைந்தது. அங்கெல்லாம் வரும் அதே சொல்தான் இது. காரணம் இருக்கிறது. பழைய காலத்தில் மத்தில் கயிற்றைச் சுற்றி, முன்னும் பின்னுமாக இழுத்துத் தயிர் கடைந்தார்கள். மரத்தைக் கடைந்தவர்களும் அதே மாதிரி கயிற்றை இழுத்துத்தான் மரத்துண்டைச் சுழற்றினார்கள். ஒருவர் கயிற்றை இழுக்க, இன்னொருவர் உளியைப் பிடிப்பார். எகிப்தில் கிறிஸ்துவுக்கு முன் சுமார் 300ஆம் ஆண்டைச் சேர்ந்த பெட்டோசிரிஸ் கல்லறையில் அப்படியொரு காட்சி செதுக்கப்பட்டுள்ளது.

இன்று கயிற்றுக்குப் பதில் மின்சார மோட்டார். அடிப்படை மட்டும் மாறவே இல்லை. சாதாரண தச்சு வேலையில் மரம் அசையாது, கருவி நகரும். கடைசலில் மரம் சுழலும். கருவி கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கும். அதனால்தான் கடைந்த பொருள் எல்லாம் உருண்டையாக வருகிறது. கட்டில் கால், பம்பரம், பூரிக்கட்டை, பேனா எல்லாம் அப்படித்தான்.

நம்மிடம் இந்தக் கலை எங்கே இருக்கிறது?

திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஊர் அம்பாசமுத்திரம். அங்கே செய்யப்படும் மரச் சொப்புச் சாமான்கள் பெயர் பெற்றவை. குட்டி அம்மி, குட்டி உரல், குட்டிப் பானை என்று பாட்டிமார் சிறுவயதில் விளையாடியவை எல்லாம் கடைசல் வேலைதான். அதற்குப் பாரம்பரியமாகப் பயன்பட்டது மஞ்சக்கடம்பு மரம்.

கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மைகளும் அதே குடும்பம். அங்கே பயன்படுவது வெட்பாலை மரம். பொம்மை சுழன்றுகொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டும். பிறகு தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். மரப்பேனாவுக்கு இன்று போடும் உராய்வு மெருகும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

பேனாவையே கடைந்து செய்தவர்களும் உண்டு. ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் 1930களில் தொடங்கியது ரத்னம் பேனா. சுதேசி இயக்கக் காலத்தில் காந்தியின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட பேனா அது. சென்னைக்கு அருகே திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் இன்றும் கையால் கடையப்படுகின்றன. வெளிநாடுகளிலிருந்துகூட அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

அந்தப் பேனாக்கள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை அல்ல, எபோனைட்டால் ஆனவை. ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும் கெட்டியான பொருள் அது. சிங்கப்பூருக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. 1877இல் ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்தன. அதன் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள்.

கேலாங்குக்கும் மரத்துக்கும் என்ன தொடர்பு?

கேலாங் என்றதும் இன்று நமக்கு நினைவுக்கு வருவது சாப்பாடு, டுரியான் கடை, நோன்புப் பெருநாள் சந்தை, கேலாங் ஈஸ்ட்டில் உள்ள சிவன் கோயில். ஆனால் கேலாங் என்ற பெயரே 'கிலாங்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. கிலாங் என்றால் ஆலை.

பக்கத்தில் உள்ள காலாங் ஆற்றுப்படுகையில் ஒரு காலத்தில் மரம் அறுக்கும் ஆலைகள் இயங்கின. பிறகு மரத்தொழில் வடக்கே சுங்கை காடுட் பக்கம் நகர்ந்தது.

கேலாங்கில் மரத்தைப் பற்றி யோசிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. கேலாங் லோரோங் 3இல் 191 தரைவீடுகள் இருந்தன. 1958இல் கம்போங் கூ சாய் தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்காக அந்தக் குடியிருப்பு கட்டப்பட்டது. நிலத்துக்கான குத்தகை 60 ஆண்டு. 2020 டிசம்பர் 31ஆம் தேதி குத்தகை முடிந்தது. நிலம் அரசாங்கத்திடம் திரும்பியது. அங்கே பொது வீடுகள் வரும் என்று அறிவிக்கப்பட்டது.

இப்படி வீடு மாறும் குடும்பங்கள் எதை எடுத்துப்போகின்றன? படங்கள், பாத்திரங்கள், சாமி அலமாரி. கதவையும் சன்னல் சட்டத்தையும் யாரும் எடுத்துப்போவதில்லை. புது வீட்டில் வைக்க இடமும் இருக்காது. ஆனால் ஒரு பேனாவுக்குத் தேவை விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு துண்டு மட்டுமே. உங்கள் குடும்பம் வீடு மாறப்போகிறதா? பழைய மேசைக்கால் ஒன்றைத் தூக்கி எறியப்போகிறீர்களா? எறிவதற்கு முன் ஒரு சாண் அறுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மரம் நல்லது?

சிங்கப்பூரில் நாம் தினமும் பார்க்கும் மரங்களிலேயே நல்ல பேனா மரங்கள் உண்டு.

மழை மரம்: தமிழில் தூங்குமூஞ்சி மரம். மாலையில் இலையை மடக்கிக்கொள்ளும். உள்மரம் அடர்ந்த பழுப்பு, வெளிமரம் மஞ்சள் கலந்த வெள்ளை. இரண்டும் சேரும் இடத்தில் வெட்டினால் ஒரே பேனாவில் இரண்டு நிறம் கிடைக்கும்.

அங்சானா: நம் வேங்கை மரத்துக்கும் செம்மரத்துக்கும் உறவுக்கார மரம். சிங்கப்பூரைப் பசுமையாக்கத் தொடங்கிய காலத்தில் சாலையோரங்களில் நிறைய நடப்பட்டது. பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடித்துவிடும். பொன்னிறம் முதல் சிவப்பு வரை நிறம் மாறும்.

தெம்புசு: 5 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பூமலையில் இருக்கும் அந்த மரம்தான். கெட்டியானது. உளி அடிக்கடி மழுங்கும். தொடங்குபவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

ரப்பர் மரம்: சுமார் 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டி விடுவார்கள். வெட்டிய மரம் நாற்காலி, மேசை, சமையலறைப் பலகை என்று மாறுகிறது. வெளிர்நிறம், கடைய எளிது, விலையும் குறைவு. உடைந்த காய்கறிப் பலகை வீட்டில் இருந்தால் அதுகூட ரப்பர் மரமாக இருக்கலாம். உங்கள் கொள்ளுத்தாத்தா பால் வெட்டிய மரத்திலிருந்து ஒரு பேனா. யோசித்துப் பாருங்களேன்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ விழுந்து கிடக்கும் கிளையை நீங்களாக எடுத்து வரக்கூடாது. அனுமதியில்லாமல் எடுப்பது சட்டப்படி குற்றம். வெட்டப்பட்ட உள்ளூர் மரங்களை அறுத்து, உலர்த்தி விற்கும் மரப்பட்டறைகள் சிங்கப்பூரில் உள்ளன. அவர்களிடம் சின்னத் துண்டு கேட்டுப் பாருங்கள்.

இணையத்தில் செம்மரம், ஈட்டி மரம் எல்லாம் பேனாத் துண்டாக விற்பனைக்கு வரும். பார்க்க அழகு. ஆனால் செம்மரமும், 2017 முதல் ஈட்டிக் குடும்ப மரங்கள் அனைத்தும் 'சைட்டிஸ்' என்ற அனைத்துலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளன. அவற்றை எல்லை தாண்டிக் கொண்டுவரப் பத்திரங்கள் தேவைப்படலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

பேனா எப்படி உருவாகிறது?

பேனாவின் உள்பாகங்கள் தொகுப்பாகக் கிடைக்கும். முனை, திருகு பாகம், நடு வளையம், கிளிப், மைக்குழல், இரண்டு பித்தளைக் குழாய்கள். தொடங்குபவர்கள் அதிகம் வாங்குவது 7 மில்லிமீட்டர் குழாய் கொண்ட மெல்லிய வகை. விலை சில வெள்ளியிலிருந்து தொடங்கும். வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வாங்கும் பொருளுக்கும் இப்போது 9 விழுக்காடு பொருள், சேவை வரி உண்டு. கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. அறுப்பது. சுமார் 2 சென்டிமீட்டர் சதுரமும் 12, 13 சென்டிமீட்டர் நீளமும் உள்ள மரத்துண்டு வேண்டும். இழை நீளவாக்கில் ஓட வேண்டும். அதை இரண்டாக அறுக்க வேண்டும், ஒவ்வொன்றும் பித்தளைக் குழாயைவிட 2, 3 மில்லிமீட்டர் கூடுதலாக. அறுப்பதற்கு முன் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கடைசியில் இழை தொடர்ச்சியாக வர அது உதவும்.

2. துளையிடுவது. நடுவில் நேராக 7 மில்லிமீட்டர் துளை. அவசரமே வேண்டாம். அடிக்கடி துளைக்கருவியை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். சூடு ஏறினால் மரம் உள்ளேயே வெடிக்கும்.

3. குழாயை ஒட்டுவது. பித்தளைக் குழாயின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் கீறிவிட்டு, பசை தடவி உள்ளே நுழைக்க வேண்டும். எதற்குக் குழாய்? மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப வீங்கும், சுருங்கும். உள்பாகங்களை நேரடியாக மரத்தில் பொருத்தினால் ஒருநாள் கழன்றுவிடும், அல்லது மரம் பிளந்துவிடும். பித்தளை அசையாது.

4. முனைகளைச் சமமாக்குவது. மரத்தின் இரண்டு முனையும் குழாய்க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் கடைசியில் பேனாவில் இடைவெளி தெரியும்.

5. கடைவது. இரண்டு துண்டையும் ஒரு நீண்ட கம்பியில் கோத்து, இரு பக்கமும் அளவு வளையங்களை மாட்டி, இயந்திரத்தில் பொருத்த வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,500 முதல் 2,500 சுற்று. முதலில் அகல உளியால் மூலைகளை நீக்குங்கள். 'டக் டக்' என்று கேட்கும் சத்தம் மெல்ல 'ஸ்ஸ்' என்று மாறும். மரம் உருண்டையாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு வளையத்தின் அளவுக்கு மெல்ல மெல்ல இறக்குங்கள். வளையத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். அதற்கும் கீழே போனால் பேனா ஒல்லியாகிவிடும்; திரும்ப ஒட்ட முடியாது.

6. தேய்ப்பது. 150 எண் உப்புத்தாளில் தொடங்கி 240, 320, 400, 600 என்று ஏறுங்கள். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் கீறல் தெரியும். ஒவ்வொரு படிக்குப் பிறகும் இயந்திரத்தை நிறுத்தி, இழையோடு நீளவாக்கில் ஒருமுறை கையால் தேயுங்கள்.

7. பூசுவது. அரக்கும் மெழுகும் கலந்த மெருகு எளிது, தொட்டால் மரம் தொட்ட உணர்வு இருக்கும். ஆனால் கை வியர்வையில் சில மாதங்களில் மங்கும். சூப்பர் குளூ வகைப் பசையை மெல்லிய அடுக்குகளாகப் பூசினால் கண்ணாடிபோல் பளபளக்கும், நீண்ட நாள் உழைக்கும். சிங்கப்பூர் வெயிலுக்கும் வியர்வைக்கும் இரண்டாவது பொருத்தம்.

8. பொருத்துவது. பாகங்களை அழுத்திச் சேர்க்க வேண்டும். திருகு பாகத்தை அளவுக்கு மேல் அழுத்திவிட்டால் மைமுனை உள்ளே போகாது, சட்டைப் பையெல்லாம் மைதான்! கொஞ்சம் அழுத்தி, மைக்குழலைப் போட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம் அழுத்துங்கள்.

ஏன் சில பேனாக்கள் வெடிக்கின்றன?

பெரும்பாலும் காரணம் ஈரம்தான். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் அதிகம். இங்கே உலர்ந்துவிட்டது என்று நினைக்கும் மரம், குளிரூட்டிய அலுவலகத்தில் பல நாள் இருந்தால் இன்னும் உலரும், சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது. அப்புறம் என்ன? மரம் விரிசல் விடும்.

பச்சை மரத்தில் உடனே பேனா செய்ய வேண்டாம். சின்னத் துண்டுகளாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு தடவி, காற்றோட்டமான நிழலில் சில மாதங்கள் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் தயார். சமையலறைத் தராசு போதும்.

பழைய வீட்டு மரத்தில் அந்தக் கவலை குறைவு. பல ஆண்டுகள் உலர்ந்த மரம் அது. வேறு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, உள்ளே ஒளிந்திருக்கும் ஆணி. காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டு அறுங்கள். இன்னொன்று, பழைய சாயம். அதில் ஈயம் இருக்கக்கூடும். சாயம் பூசிய பக்கத்தைத் தேய்க்காமல், அப்படியே அறுத்து ஒதுக்கிவிடுங்கள்.

பாதுகாப்பு: இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்

கையுறை வேண்டாம். ஆச்சரியமா? சுழலும் மரம் கையுறையின் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். நீண்ட கை, துப்பட்டா, சங்கிலி, வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றுக்கும் அதே விதி. முடியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

முகத்தை முழுதாக மறைக்கும் கவசம் வேண்டும். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது.

மரத்தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மரத்தூளை வைத்துள்ளது. நல்ல தூசி முகமூடி அணியுங்கள். ஈட்டி போன்ற மரங்களின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் தரும்.

சூப்பர் குளூவைப் பருத்தித் துணியில் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் விரலைச் சுடும் அளவுக்குச் சூடாகும். காகிதத் துண்டு பயன்படுத்துங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

வீவக வீட்டில் செய்யலாமா?

மேசைமேல் வைக்கும் சிறிய இயந்திரத்தின் மோட்டார் சத்தம் அதிகமில்லை. ஆனால் அறுப்பதும் துளையிடுவதும் சத்தம். அதிர்வு தரைவழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். இயந்திரத்துக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். இரவிலும் அதிகாலையிலும் வேண்டவே வேண்டாம். தொடங்கும் முன் அண்டைவீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பொது நடைபாதையில் இயந்திரத்தையோ மரத்தையோ வைத்து வழியை மறைக்காதீர்கள். தீப்பாதுகாப்பு விதிகளுக்கு அது புறம்பானது.

உண்மையைச் சொன்னால், முதல் நாளே இயந்திரம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. சிறிய கடைசல் இயந்திரம் சில நூறு வெள்ளி ஆகும். உளி, தீட்டும் கல், துளைக்கருவி, கவசம் என்று சேர்த்தால் செலவு இரட்டிப்பாகும். மரவேலைப் பட்டறைகள் நடத்தும் ஒருநாள் வகுப்புக்குப் போய் ஒரு பேனா செய்து பாருங்கள். பிடித்திருந்தால் இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் பட்டறையைத் தேடுங்கள். பத்துப் பேனா செய்த பிறகும் ஆசை குறையவில்லையா? அப்போது வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

விற்றுச் சம்பாதிக்கலாமா?

முடியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு பேனாவுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். தொகுப்பு, மரம், உப்புத்தாள், பசை, வாடகை எல்லாம் கழித்தால் மணிக்கு மிஞ்சுவது சொற்பம். கடையில் கிடைக்கும் மரப்பேனாவோடு விலையில் போட்டி போட முடியாது.

உங்கள் பேனாவுக்கு மதிப்புக் கூடுவது அதன் மரத்தால். பாட்டியின் உடைந்த பூரிக்கட்டை, பள்ளியில் அப்புறப்படுத்திய பழைய மேசை, விற்றுவிட்ட வீட்டின் படிக்கட்டுக் கைப்பிடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கும். அந்த மரம் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு எடுத்தது என்று ஒரு சின்ன அட்டையில் தமிழில் எழுதிப் பேனாவோடு வைத்துக் கொடுங்கள். வாங்குபவர் அதைத் தொலைக்க மாட்டார்.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

வீட்டில் எறியப்போகும் பழைய மரச்சாமான் எதுவும் உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். கிடைத்தால், அது யார் வாங்கியது, எந்த வீட்டில் இருந்தது என்றும் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு சாண் அறுத்து, பெயரும் தேதியும் எழுதி, நிழலான இடத்தில் வையுங்கள். மரம் காத்திருக்கும். அதன் கதையைச் சொல்லக்கூடியவர்களிடம் மட்டும் இப்போதே கேட்டுவிடுங்கள்.